என் பேருக்கு மூன்று முழுக்கு

பச்சைத் தண்ணீரில் யாராவது கை வைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மருமகள் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால் பின்னால் போய் நின்றுகொண்டு, "வெந்நீர் கலந்துக்கோ" என்பேன். சித்திரை வெயிலிலும் சொல்வேன். "இந்த அத்தைக்கு வேற வேலையே இல்ல" என்று அவள் முணுமுணுப்பது காதில் விழும். விழட்டும். எனக்கு வாய் அதிகம், பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வயசானால் குறையும் என்று பார்த்தால் கூடித்தான் போயிருக்கிறது. ஆனால் இந்த வெந்நீர்ப் பைத்தியம் பிறவியில் வந்ததில்லை. செஞ்சியில், அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழியிலும் தையிலுமாக அது என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்போது எனக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு ஆரம்பித்திருந்தது. வீட்டில் நைனா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். செஞ்சிக்கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குப் பின்னால் நைனாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லை இருந்தது. அண்ணி தொண்டூரிலிருந்து வந்தவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. என்னைவிட ஒரு வயசோ ரெண்டு வயசோதான் மூத்தவள். அம்மா அவளிடம் வேலை சொல்வதற்கு மட்டும் வாயைத் திறப்பாள். அண்ணனுக்கோ பகலில் பெண்டாட்டியோடு பேசினால் கௌரவம் போய்விடும். நான் பேசுவேன். என் பேச்சு என்னவென்றால், "அண்ணி, தண்ணி குடு", "அண்ணி, என் தாவணி எங்க", அவ்வளவுதான். அந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்து நான் கண்டதில்லை. அது ஒரு குறை என்றும் அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

மார்கழி பிறந்த கையோடு எனக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் தொண்டைக் கரகரப்பு, பிறகு வறட்டு இருமல். இருமி இருமி விலாவெல்லாம் அடி வாங்கியதுபோல் வலித்தது. கஷாயம், ஒத்தடம், விபூதி எல்லாம் ஆனபிறகு நைனா என்னை வண்டியில் ஏற்றி கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மெட்ராசிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா அப்போது அங்கே இருந்தார். சின்ன வயசு, சிரிக்காத முகம். முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு நிமோனியா என்றார். காலையும் மாலையும் இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட இடம்தான் வீங்கியதே தவிர காய்ச்சல் அசைந்து கொடுக்கவில்லை.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. வெளியே போய் நைனாவிடம் குசுகுசுவென்று பேசுவதும், என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவதுமாக இருந்தாள். எனக்கா தெரியாது? டி.பி.யாக இருக்குமோ என்ற பயம். அந்தப் பேச்சு ஊருக்குள் கிளம்பினால் போதும், எந்த மாப்பிள்ளையும் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டான்.

ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது அண்ணி. காலையில் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, கஞ்சி எடுத்துக்கொண்டு வருவாள். என் கட்டிலுக்குக் கீழே வெறும் சிமெண்டுத் தரையில் புடவைத் தலைப்பை விரித்துப் படுத்துக்கொள்வாள். நான் எச்சில் துப்பிய கும்பாவைக் கழுவுவாள், வியர்வையில் நனைந்த துணியைத் தோய்ப்பாள், நெஞ்சில் தைலம் தேய்ப்பாள். பொழுது போகாவிட்டால் ஏதாவது சொல் என்று நச்சரிப்பேன். தொண்டூர் மலையில் கல்லிலேயே வெட்டிய படுக்கைகள் இருப்பதையும், ஆடு மேய்க்கப் போனால் அவற்றில் மல்லாந்து படுத்துக்கொள்வதையும் அவள் சொல்லுவாள். "மெத்த மாதிரி இருக்கும் பாப்பா, வெயில்ல கூட சில்லுனு இருக்கும்" என்பாள். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது, திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அப்புறம் அவளும் இருமத் தொடங்கினாள். கட்டிலுக்குக் கீழேயிருந்து, என் இருமலைப் போலவே வறண்ட இருமல். அம்மா வந்தபோது நான்தான் முறையிட்டேன். "எம்மா, இவ இருமி இருமி என்னெ கண்ண மூட உடமாட்றா" என்றேன். அம்மா அவளை வராந்தாவுக்கு மாற்றிவிட்டாள். மார்கழிப் பனி நேராக வந்து இறங்குகிற வராந்தா. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

ஒரு நாள் காலை டாக்டரம்மா பரிசோதனைக்கு என் கையில் ரத்தம் எடுத்தார். நல்ல குளிர், ராஜகிரி மலை தலையே தெரியாமல் மூடிக்கிடந்தது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தவர், சலித்துக்கொண்டு வேறு கண்ணாடி எடுத்தார். அதிலும் திப்பி திப்பியாகவே நின்றது. திடீரென்று அவர் முகத்தில் ஒரு வேகம் வந்தது. அண்ணனைக் கூப்பிட்டு, "எங்கிருந்தாவது கொஞ்சம் ஐஸ் கொண்டு வாங்க" என்றார்.

மார்கழி மாசத்தில் செஞ்சியில் எவன் ஐஸ் விற்பான்? அண்ணன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் சந்தையில் மீன்காரம்மாவின் கூடையிலிருந்து ஒரு கட்டியைக் கெஞ்சி வாங்கி, துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு வந்தான். வார்டு முழுக்கக் கவிச்சி நாற்றம். டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே அதை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். என் ரத்தம் இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை வாயடைத்து அதில் அமுக்கி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துச் சாய்த்துக் காட்டினார். குழாயின் உள்பக்கமெல்லாம் ரவையைத் தூவியதுபோல் சிவப்புப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. அம்மா, "ஐயோ, கெட்டுப்போச்சே" என்றாள்.

"பாருங்க" என்று டாக்டரம்மா குழாயை என் கையில் கொடுத்து உள்ளங்கையை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் போனது. திறந்து பார்த்தால் பொடி ஒன்றுகூட இல்லை. ரத்தம் வழவழவென்று ஓடியது. மறுபடி ஐஸில் வைத்தார், ரவை வந்தது. மறுபடி கையில் கொடுத்தார், கரைந்தது. எனக்கு உடம்பு சுகமில்லை என்பதே மறந்துபோய், இன்னொருதரம் செய்யுங்கள் என்று கேட்டேன்.

"டி.பி. இல்ல. இது வேற ஜாதி நிமோனியா, இதுக்கு பென்சிலின் கேக்காது" என்றார் டாக்டரம்மா. அம்மா அங்கேயே மேல்மலையனூர் அம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமியோடு சண்டை போட உடம்பு தானே ஒன்றைத் தயார் செய்து ரத்தத்தில் விடுமாம், அதற்கு ஆன்டிபாடி என்று பேராம். இந்தக் காய்ச்சலில் மட்டும் அதில் ஒரு வகை, குளிர் பட்டால் சொந்த ரத்தத்தையே பிடித்து ஒட்டவைத்துவிடுமாம். சூடு பட்டால் விட்டுவிடுமாம்.

அது எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளப்பார்கள் என்று நான் கேட்டேன். அம்மாவுக்கும் புரியட்டும் என்று அவர் மோரை வைத்துச் சொன்னார். ஒரு டம்ளர் மோரில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்து, அதில் பாதியை எடுத்து மறுபடி அவ்வளவு தண்ணீர் கலந்து, இப்படியே போனால் எத்தனையாவது டம்ளர் வரைக்கும் மோர் வாசனை வருகிறதோ, மோர் அவ்வளவு கெட்டி. என் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை எடுத்து அப்படித்தான் உப்புத் தண்ணீரில் பாதி பாதியாகக் கலந்துகொண்டே போனார். ஒவ்வொரு குழாயிலும் தன் கையிலிருந்தே எடுத்த ரத்தத்தைச் சொட்டு விட்டு, தடுப்பூசி மருந்து வைக்கும், ஐஸ் கட்டாத பழைய மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டிக்குள் வைத்தார். எந்தக் குழாய் வரைக்கும் ரவை விழுகிறது என்று மறுநாள் பார்த்தார். "நெறையவே இருக்கு. இனிமே இன்னும் ஏறும்" என்றார்.

"ஏறுமா? நல்லாவுதுன்னீங்களே" என்றாள் அம்மா.

"காய்ச்சல் இறங்க இறங்கத்தான் இது ஏறும். நல்லாயிட்டேன்னு இவ எழுந்து நடக்கிறப்பதான் ரொம்ப அதிகமா இருக்கும். அப்புறம் ரெண்டு மூணு மாசத்துல தானா வடிஞ்சிடும். அதுவரைக்கும் பச்சத்தண்ணியே ஆகாது. குளிக்கிறது, துவைக்கிறது, எதுவும் கூடாது. விரல் நீலமாச்சுன்னா உடனே தூக்கிட்டு வாங்க."

பிறகு கேட்டார்: "இது வீட்டுல ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குத் தொத்தும். வேற யாருக்காவது இருமல் இருக்குதா?"

"யாருக்கும் இல்ல டாக்டரம்மா" என்றாள் அம்மா, உடனே.

அண்ணி சுவரோரம் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த நேரம் பார்த்தா அவளுக்கு இருமல் வரவேண்டும்? உதட்டை இறுக்கி, கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் முட்ட, அதை விழுங்கிக்கொண்டு நின்றாள். அம்மா இல்லையென்று சொல்லிவிட்டபிறகு இருமினால் மாமியாரைப் பொய்யாக்கியது போலாகுமே. அவள் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். அப்படியே திரும்பி வெளியே போய்விட்டாள். அம்மா மட்டும் பின்னால் என்னிடம், "அது அடுப்புப் பொகை" என்றாள். சரி, புகைதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

திண்டிவனத்திலிருந்து வாங்கிவந்த மஞ்சளும் சிவப்புமான மாத்திரையில் என் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அண்ணியின் வேலை எனக்கு வெந்நீர் போடுவது. முகம் கழுவ வெந்நீர், கை கழுவ வெந்நீர், குடிக்க வெந்நீர். டாக்டரம்மா சொன்னதை அந்த வீட்டில் ஒரு சொல் பிசகாமல் கேட்டவள் அவள்தான். நான் விளையாட்டுக்குக் கிணற்றடி வாளியைத் தொட்டால்கூட, "அய்ய, தொடாத பாப்பா" என்று ஓடிவருவாள். சொல்லிவிட்டு, அதே வாளித் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கையை விட்டு என் துணிகளைக் கசக்குவாள். அவள் இருமலும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. எந்த மாத்திரையும் இல்லாமல், யாரும் கேட்காமல், தானாக நின்றது.

நான் நன்றாகத் தேறியபிறகு டாக்டரம்மா மறுபடி வரச்சொல்லி ரத்தம் எடுத்தார். தேறியவளுக்கு எதற்கு ஊசி என்று அம்மா சண்டைக்கே போனாள். பார்த்தால், முதலில் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு ஏறியிருந்தது. நான் அப்போது ஓடியாடி, தின்று, எல்லோரையும் அதிகாரம் பண்ணிக்கொண்டு இருந்தேன். "இதான் சொன்னேன், இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

தை அமாவாசை வந்தது. அம்மா எனக்காக நேர்ந்துகொண்டிருந்தாள். மேல்மலையனூர்க் குளத்தில் முழுகி, ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டுதல். ஆனால் முழுகவேண்டியவள் பச்சைத் தண்ணீரைத் தொடக்கூடாது. நேர்த்தியைத் தள்ளிப்போட அம்மாவுக்குப் பயம், சாமி காரியமாயிற்றே. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "வூட்டு மருமவ முழுகட்டும். ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். எங்கள் பக்கம் அப்படி ஒருவருக்காக ஒருவர் முழுகுவது உண்டு. அண்ணியை யாரும் கேட்கவில்லை. எனக்கோ நிம்மதி. குளிரில் யார் முழுகுவது?

ஸ்பெஷல் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. குளத்தைச் சுற்றி ஒரே கும்பல். அம்மா என்னைக் கம்பளியில் சுற்றி ஒரு காப்பிக்கடை அடுப்போரமாக உட்காரவைத்தாள். கையில் சூடான காப்பி வாங்கிக் கொடுத்தாள். அங்கிருந்து படிக்கட்டு நன்றாகத் தெரிந்தது. அண்ணி மஞ்சள் புடவையில் படியிறங்கினாள். நான் கத்தினேன், "என் பேருக்கு மூணு முழுக்கு அண்ணி, ஏமாத்தாத" என்று. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள்.

மூன்றும் முழுசாக முழுகினாள். தலை மறைந்து, கொஞ்சம் தாமதித்து மேலே வரும். நான் காப்பியை ஊதி ஊதிக் குடித்தேன்.

ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்ற ஆரம்பித்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டிக்கொண்டது. உதடு கறுத்துவிட்டது. மலையனூரில் ஒரு பெண் அப்படி நடுங்கி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "அம்மா வந்திருக்குது" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், சுற்றிலும் கும்பல் கூடிவிட்டது. கற்பூரம் கொளுத்தினார்கள். ஒருத்தி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினாள். இன்னொருத்தி வேப்பிலைத் தண்ணீரை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற நடுக்கம் அதிகமாயிற்று, நடுக்கம் அதிகமாக ஆக ஜனங்களுக்குப் பக்தியும் அதிகமாயிற்று. அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசாத என் அம்மா, அவள் காலில் விழுந்து, "தாயே, எம்பொண்ணுக்கு எப்ப கண்ணாலம் ஆவும்?" என்று கேட்டாள்.

நான் கும்பலை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அண்ணியின் கண் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கூப்பிய கைகளில் விரலெல்லாம் நாவற்பழம் பிசைந்ததுபோல் நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டரம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கம்பளிக்குள்ளிருந்து என் கையை எடுத்து என் விரல்களைப் பார்த்தேன். அவை நன்றாக இருந்தன. நிம்மதியாகக் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"குளுருது பாப்பா" என்றாள் அண்ணி. பல் அடித்துக்கொண்டதில் எனக்கு மட்டும்தான் அது கேட்டது. அப்புறம்தான் கம்பளியை அவள்மேல் போட்டேன்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாப்பா, யார்கிட்டயும் சொல்லாத. ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி மாதிரி போவுது. எழுந்தா கிறுகிறுன்னு வருது" என்றாள். அவள் கண்ணை விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "காமாலை. கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தா சரியாப்பூடும்" என்றாள். முதல் தடவையாக என் வாய் ஓர் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது. தெரு கேட்கக் கத்தினேன். யாரோ போய்ச் சொல்ல, நைனா கொல்லையிலிருந்து ஓடிவந்து வண்டி கட்டினார்.

டாக்டரம்மா அண்ணியின் விரலைத் தன் கைக்குள் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார். நீலம் கொஞ்சம் வெளுத்தது, சுண்டுவிரல் நுனியில் மட்டும் வெளுக்கவில்லை. பிறகு ரத்தம் எடுத்தார். இந்தமுறை ஐஸே தேவைப்படவில்லை. எடுத்த குழாயிலேயே ரவை ரவையாக ஒட்டத் தொடங்கிவிட்டது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து மூடினார். திறந்தபோது கரைந்திருந்தது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இவங்களுக்கு இருமல் இருந்துச்சா?"

அம்மா, "லேசா... அடுப்புப் பொகையில" என்று இழுத்தாள்.

"இருந்துச்சு. எனக்கு வந்தமாதிரியேதான் இருந்துச்சு" என்றேன் நான்.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உனக்காவது மருந்து கொடுத்தோம், இவள் உடம்பு தனியாகவே சண்டை போட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அளந்து பார்த்தபோது என்னுடையதைவிட அவளுடையது அதிகமாக இருந்தது. குளிர் பட்டு ஒட்டிக்கொண்ட ரத்தமெல்லாம் உடைந்து சிறுநீரில் போகிறது என்றார். இப்படியே உடைந்துகொண்டு போனால் உயிருக்கு ஆபத்து. ரத்தம் ஏற்றலாம் என்றால், எந்த ரத்தத்தோடு சேர்த்தாலும் இவள் ரத்தம் அதையும் பிடித்து ஒட்டுகிறது, இந்த ஊரில் அதற்கு வசதியில்லை. பாண்டிச்சேரிக்கு ஜீப்பில் அனுப்பினால் வழியில் வாடைக்காற்றிலேயே போய்விடுவாள். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பகலில் பெண்டாட்டி பேரைச் சொல்லாதவன் எல்லோர் முன்னாலும் அழுதான்.

"என் ரத்தத்த எடுத்து ஏத்துங்க டாக்டரம்மா. எவ்ளோ வேணும்னாலும் எடுங்க" என்றேன். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்படியாவது அவளுக்குப் பட்ட கடனைக் கொஞ்சம் கழித்துவிடலாம் என்ற கணக்கு.

"உன் ரத்தத்துல இருக்கிறதும் அதேதான்மா. யார்கிட்ட வாங்கினாலும் உங்கிட்ட மட்டும் வாங்கக்கூடாது" என்றார்.

நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சூடுதான் வைத்தியம் என்று சொல்லிவிட்டார். அறைக் கதவைச் சாத்தி, கரியடுப்பை மூட்டி, ஜன்னலில் சாக்கு தொங்கவிட்டோம். ஆஸ்பத்திரி மருந்து பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, பழந்துணி சுற்றி, அண்ணியின் கையிடுக்கிலும் காலடியிலும் வைக்கவேண்டும். ஆறியதும் மாற்றவேண்டும். அதை நான் செய்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. அம்மா வந்து, "நீயே நோவுல எழுந்தவ, தள்ளு" என்றபோது அவள்மேல் எரிந்து விழுந்தேன். செங்கல்லைச் சுட வைத்தேன், கம்பளியை அடுப்பில் காட்டினேன். குடிக்கக் கொடுக்கும் கஞ்சியை என் உதட்டில் வைத்துச் சூடு பார்த்தேன். அவள் எனக்குச் செய்தபோது ஒருநாளாவது அதைப் பார்த்திருப்பேனா? கிண்ணம் வந்தது, குடித்தேன், வைத்தேன். இப்போது ஒவ்வொன்றாகச் செய்யும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எனக்கு அழுகையாக வந்தது, அழுதால் அவள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்று அடுப்பை ஊதப் போய்விடுவேன். அங்கே புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சிறுநீர் கடுங்காப்பியிலிருந்து டீத்தண்ணி நிறத்துக்கு வந்து, மெல்ல மெல்லத் தெளிந்தது. டாக்டரம்மா தினமும் விரலில் குத்திப் பார்ப்பார். ஒருநாள் குழாயைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். "பொழைச்சிட்டாங்க" என்றார். அம்மா வெளியே போய் அழுதுவிட்டு வந்து, மருமகளின் தலையைத் தடவினாள். அண்ணியின் இடது சுண்டுவிரல் நுனி மட்டும் திரும்பவில்லை. கறுத்தது கறுத்தபடி காய்ந்து, நகத்தோடு உதிர்ந்துபோயிற்று.

சித்திரையில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஒன்றாக வரச்சொன்னார். பஸ் ஸ்டாண்டில் குச்சி ஐஸ் வந்துவிட்டிருந்தது. அண்ணன் மூன்று சிவப்பு ஐஸ் வாங்கி வந்தான். ஒன்றை உடைத்து டம்ளரில் போட்டதில் தண்ணீர் ரோஸ் நிறமானது. இரண்டு குழாய்களையும் அதில் வைத்தார், அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. எடுத்துச் சாய்த்தார். இரண்டும் வழவழவென்று ஓடின, ஒரு பொடிகூட இல்லை. "வடிஞ்சி போச்சு. இனிமே பச்சத்தண்ணி, ஐஸ், எது வேணாலும்" என்றார். அவருக்குச் சந்தோஷம். இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் போய்விடும், அதுதான் இதில் நல்ல விஷயம் என்று சொன்னார். நான் அண்ணியின் கையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு ஐஸ். அண்ணி சுண்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு சப்பிச் சாப்பிட்டாள், உதடெல்லாம் சிவப்பு. மாசக்கணக்காகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"எம்மேல கோவமா அண்ணி?"

"உம்மேல எதுக்கு?"

"உனுக்கு இருமல்னு எனுக்குத் தெரியும். டாக்டரம்மா கேட்டாங்களே, அன்னிக்கு நீ அடக்கிக்கினு நின்னத நான் பார்த்தேன். சொல்லாம சிரிச்சிக்கினு இருந்தேன்."

அவள் ஐஸை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"ஆமா, சிரிச்சே. எனுக்கும் சிரிப்பு வந்துடுச்சி, அதான் வெளிய ஓடிட்டேன்" என்றாள். "உங்க வூட்டுக்கு வந்ததுலருந்து என்னெப் பார்த்து ஒருத்தர் சிரிச்சது அன்னிக்குத்தான் பாப்பா. தண்ணில முழுகும்போதுகூட அதத்தான் நெனச்சிக்கினேன்."

என் கையிலிருந்த ஐஸ் கரைந்து முழங்கை வரைக்கும் வழிந்தது.

"சாப்புடு, உருகுது" என்றாள் அண்ணி.